பத்துக்கு நாற்பத்தேழு

மலேசியாவின் சுங்கை பூலோ பக்கத்துப் பட்டறைகளுக்குப் பழைய லேண்ட்ரோவரைக் கொண்டுபோகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜேக் வைத்துத் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டு, கியரை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். பையன் ஒருவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. மெக்கானிக் சக்கரத்தைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார்.

"எத்தன தம்பி?"

"நாலே முக்கா வருதுண்ணே."

"சரியா முக்காலா?"

"முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிக்குது."

"அப்போ பத்துக்கு நாப்பத்தேழு. ஒரிஜினல்தான்."

டிஃபரன்ஷியலைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் பற்களை எண்ணிவிட்டார்கள். ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அதற்குப் 10 பல். அது கடித்துச் சுற்றும் பெரிய வட்டம் கிரவுன். அதற்கு 47 பல். ஷாஃப்ட் 4.7 முறை சுற்றினால் கிரவுன் ஒரு முறை சுற்றும். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இரட்டிப்பாகச் சுற்றும் என்பது டிஃபரன்ஷியலின் கணக்கு. சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது அதற்காகத்தான்.

இந்த 4.7 எங்கே இருக்கிறது? பினியனைக் கழற்றி மேசைமேல் வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பத்துப் பல்தான் தெரியும். கிரவுனில் நாற்பத்தேழு. இரண்டிலும் 4.7 கிடையாது. ஆனாலும் நெடுஞ்சாலையில் எஞ்சின் போடும் கூச்சலும் ஏற்றத்தில் கிடைக்கும் இழுவையும் தாங்கியில் குறையும் பெட்ரோலும் இந்த எண்ணை வைத்தே அமைகின்றன. எந்த உறுப்பிலும் இல்லாத ஒன்று வண்டி முழுவதையும் ஆள்கிறது. இதே கேள்வியை மனிதனை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். கேட்டவர்கள் எடுத்துக்கொண்ட உவமையும் வண்டிதான்.

லேண்ட்ரோவர் உலகத்துக்கு அறிமுகமானது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. ராணுவமும் போலீசும் தோட்டத்துத் துரைமார்களும் இந்த வண்டியில் ஏறிக்கொண்டார்கள். செம்மண் பாதை, மழைக்காலச் சேறு, பால்மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமும் என்றிருந்த நிலத்துக்கு 4.7 பொருத்தமான எண்; வேகம் குறைவு, இழுவை அதிகம். சுங்கை பூலோவே அப்போது ரப்பர் நாடு. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. இன்று அந்த நிலத்தில் குவாசா டமன்சாரா எழுந்து நிற்கிறது, எம்ஆர்டி ஓடுகிறது, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. வண்டி அப்படியே இருக்க, அதன் உலகம் மாறிவிட்டது.

சைவ சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைச் சேர்த்தே சொல்வார்கள். உடம்பு, கருவிகள், வாழும் உலகம், துய்ப்பவை: ஓர் உயிருக்கு இந்த நான்கும் அதன் வினைக்கு ஏற்ப ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் வரும் என்பது கருத்து. தோட்டத்து லேண்ட்ரோவருக்குப் புவனம் போய்விட்டது, தனு மிச்சம். சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றும் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி, அதன் ஷாஃப்ட் 2,820 சுற்றுச் சுற்றியாக வேண்டும். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரின் டிஃபரன்ஷியலில் பினியனுக்கு 13 பல், கிரவுனுக்கு 46. விகிதம் 3.54. அதை எடுத்துப் பழைய வண்டியில் மாட்டினால் அதே வேகத்துக்கு 2,124 சுற்றுப் போதும். காதுக்கு நிம்மதி. ஸ்பீடோமீட்டர் மட்டும் பொய் சொல்லத் தொடங்கும், ஏனென்றால் அது எண்ணுவது சக்கரத்தை அல்ல, ஷாஃப்டை. முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்றாமல் பின்னால் மட்டும் மாற்றினாலோ, நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். தார்ச்சாலையில் அப்படி ஓட்டினால் ஏதாவது ஒன்று உடையும்.

மாற்றலாம் என்று முடிவானதும் வண்டிக்காரருக்கு ஒரு தயக்கம் வரும். பெயின்ட் மாறியாயிற்று, எஞ்சின் ஒருமுறை மாறியாயிற்று, இப்போது அச்சுக்குள் இருப்பதும் மாறப்போகிறது. இது அப்பா வாங்கிய வண்டிதானா?

அரசாங்கத்திடம் இதற்குச் சுருக்கமான பதில் உண்டு. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில், ஊர்ப் பேச்சில் 'கிராண்ட்' என்று சொல்லும் பத்திரத்தில், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் வண்டிப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, அனுமதி வாங்கி, பதிவைத் திருத்திக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணில் கைவைத்தால் வழக்கு. கிரவுனையும் பினியனையும் கிராண்ட் கேட்பதே இல்லை. ஆக, அரசாங்கத்தின் தத்துவப்படி வண்டியின் ஆன்மா சேசிஸ் சட்டத்தில் குத்திய எண்ணில் உறைகிறது. மற்றவை வரும், போகும். இதைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. எதையாவது ஒன்றை நிலையானதென்று பிடித்துக்கொள்ளாமல் சாலை வரிகூட வசூலிக்க முடியாது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரை இருக்கிறது. அதை நடத்தும் சங்கம் 1894இல் தோன்றியது, சிங்களவர்கள் தொடங்கியது. அங்கே போய் இந்தத் தயக்கத்தைச் சொன்னால் மிலிந்தனின் கதை வரும். கிரேக்க வழிவந்த அரசன் மெனாண்டர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன், பாலி நூலில் மிலிந்தன் ஆகிறான். நாகசேனர் என்ற துறவியிடம் அவன் கேட்கிறான்: நாகசேனர் என்பது யார்? முடியா, நகமா, பல்லா, தோலா? எதுவும் இல்லையென்றால் என் எதிரே இருப்பது யார்? நாகசேனர் திருப்பிக் கேட்கிறார்: எப்படி வந்தாய்? தேரில். தேர் என்பது அச்சா? சக்கரமா? நுகமா? இவற்றைத் தவிர்த்து வேறொன்றா? அரசன் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். கடைசியில், இந்த உறுப்புகளைச் சார்ந்து 'தேர்' என்ற வழக்குப் பெயர் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறான். மனிதனும் அப்படித்தான் என்று துறவி முடிக்கிறார். தமிழில் இந்தப் பார்வை மணிமேகலைக் காப்பியத்துக்குள் குடியிருக்கிறது. பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு நிதானங்களைக் கேட்டபின்தான் மணிமேகலை நோன்பு ஏற்கிறாள்.

விகாரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஸ்காட் ரோட்டில் ஸ்ரீ கந்தசுவாமி கோயில். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பியது. அங்கே வேறு பதில். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாவது சூத்திரம், உயிர் என ஒன்று உண்டு என்று நிறுவுகிறது. அதில் வரும் நியாயங்களில் ஒன்று மிக எளியது. என் உடல் என்கிறோம். என் கை, என் கால் என்கிறோம். 'என்' என்று உரிமை கொண்டாடுகிற ஒருவன் கைக்கும் காலுக்கும் வேறாக இருந்தாக வேண்டும். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் வரிசையாக நிறுத்தி மறுக்கிறார்.

பட்டறை இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறது. 'வண்டியோட சக்கரம்' என்றும்தான் சொல்கிறோம். அதனால் சக்கரம், அச்சு, சட்டம் எல்லாவற்றுக்கும் அப்பால் 'வண்டி' என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? இலக்கணக்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமை உடைமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு. சாத்தனது கை தற்கிழமை. சாத்தனது வீடு பிறிதின்கிழமை. உறுப்பு, பண்பு, குவியல், தொகுதி எல்லாம் தற்கிழமைக்குள் அடங்கும் என்று நன்னூல் வகுக்கிறது. அத்தோடு விடாமல் திரிபின் ஆக்கத்தையும் அதிலேயே சேர்க்கிறது. நெல் பொரியான பிறகும் அது நெல்லின் பொரிதான், உருமாறியதும் தன்னுடையதே. பழைய வண்டிக்காரருக்கு இதைவிட ஆறுதலான இலக்கண விதி கிடையாது. 'என் உடல்' என்பது கையைப் போன்ற உரிமையா, வீட்டைப் போன்ற உரிமையா என்பதில்தான் விகாரையும் கோயிலும் பிரிகின்றன. சித்தாந்தி வீடு என்பார். பௌத்தரோ, கையும் இல்லை வீடும் இல்லை, வெறும் பேச்சு வழக்கு என்பார்.

சுங்கை பூலோவில் இந்தக் கேள்வி வகுப்பறையோடு நின்றதில்லை. 1930இல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறைபோல அடைத்து வைக்காமல், சிறு வீடுகளும் தோட்டமும் சந்தையும் பள்ளியும் வழிபாட்டிடங்களும் கொண்ட ஊராக அமைய வேண்டும் என்று வாதாடியவர்களில் டாக்டர் டிராவர்ஸ் முக்கியமானவர். நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. உள்ளே மட்டும் செல்லுபடியாகும் தனிப் பணம்கூட ஒரு காலத்தில் இருந்தது. தொழுநோய் நரம்பைத் தாக்கும். சூடு தெரியாது, முள் குத்தினால் வலிக்காது. கவனிக்காத புண்ணால் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். இங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்தார்கள். மிலிந்தனின் பட்டியலை இந்த ஊரில் படிக்கும்போது தொண்டை அடைக்கும்: முடியா, நகமா, விரலா? விரல் போன கையாலேயே பூச்செடி வளர்த்து விற்றார்கள். கோலாலம்பூர் வீடுகளுக்கு இன்றைக்கும் செடி வாங்க சுங்கை பூலோ நர்சரிகளுக்குத்தான் வருகிறார்கள்.

'என் விரல் போய்விட்டது' என்று ஒருவர் சொல்லும்போது மெய்கண்டாரின் நியாயம் வலுவாகத் தெரிகிறது. போனது விரல், சொல்பவர் போகவில்லை. மனிதருக்கு இது பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டாலும் வண்டிக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. வண்டி எதையும் 'என்' என்று சொல்வதில்லை. ஆனால் வண்டியைப் பற்றியும் நாகசேனர் சொன்னது முழுமையில்லை என்பதைத்தான் 4.7 காட்டுகிறது. பெயர் என்பது வழக்கு, சரி. விகிதம் வழக்கு அல்ல. 'மூன்றரை' என்று நாம் எல்லாரும் கூடிப் பெயர் வைத்தாலும் ஷாஃப்ட் 4.7 முறைதான் சுற்றும். அதே சமயம் அது ஒளிந்திருக்கும் தனி உறுப்பும் இல்லை; எவ்வளவு பிரித்தாலும் கையில் கிடைக்காது. இரண்டு சக்கரங்கள் கடித்துக்கொள்ளும்போது மட்டும் உண்டு, பிரித்தால் இல்லை. உறவும் ஓர் உண்மைப் பொருள்தான் என்பதற்கு இதைவிடக் கறுப்பான, எண்ணெய்ப் பிசுக்கான சாட்சி வேண்டியதில்லை. 'சார்ந்து' என்று சொன்ன மிலிந்தன் உண்மையைத் தொட்டுவிட்டான். 'பெயர்' என்று அடுத்த சொல்லிலேயே அதைக் கைவிட்டுவிட்டான்.

உறவு உண்மைதான், ஆனால் எந்த உறவும் எங்கேயும் அமைந்துவிடாது. ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வார்கள். லேண்ட்ரோவரின் ரோவர் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் மொத்தமாக ஒரு தலைபோலக் கழன்று வரும்; பழைய ரேஞ்ச் ரோவரின் தலையை அப்படியே மாட்டலாம், ஆக்சில் ஷாஃப்டின் நுனிப் பற்கள் இரண்டிலும் 10 ஆக இருக்கிறதா, பிந்திய வண்டிகளின் 24ஆ என்று மட்டும் பார்க்க வேண்டும். ஜீப்பில் வரும் டானா ஆக்சிலில் அப்படி இல்லை. வீட்டுக்குள்ளேயே கேரியர் என்ற கூண்டில் கிரவுனைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். விகித எண் கூடக் கூடப் பினியனின் பற்கள் குறையும், தலை சிறுக்கும். சிறுத்த பினியனைத் தொட கிரவுன் நெருங்கி வர வேண்டும். அதற்காகக் கேரியரின் விளிம்பையே இடம் மாற்றி இரண்டு வகையாகச் செய்தார்கள். டானா 44இல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92 முதல் மேலே வேறொரு கேரியர். இது தெரியாமல் 4.1 கிரவுனை வாங்கி 3.73 கேரியரில் மாட்டினால், போல்ட் எல்லாம் அழகாக ஏறும், ஓட்டைகள் சரியாகப் பொருந்தும், பற்கள் மட்டும் ஒன்றையொன்று எட்டாது. கடைசியில் தடித்த கிரவுன் தேட வேண்டும், இல்லையென்றால் கேரியரையும் மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் கிரவுன், பினியன், கேரியர் மூன்றையும் சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்று பிரித்து ஒரு சொற்பொழிவே செய்யலாம். ஆசையை அடக்குவது நல்லது. எது பாசம் என்பதிலேயே மெக்கானிக்குக்கும் பேச்சாளருக்கும் சண்டை வரும்.

கோயில்காரர்கள் இருப்பிடத்தின் பொருத்தத்தை உவமையாக அல்ல, வேலையாகவே செய்து வருகிறார்கள். மூல மூர்த்தியையும் பீடத்தையும் சேர்ப்பது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டும் சேர்த்து, நாள்கணக்கில் இடித்துப் பதமாக்கி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இடுவார்கள். பன்னிரண்டு ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. பந்தனம் விட்டுப்போய் மூர்த்தி அசைந்தால் அது குறை. கல் பழையதே, பீடமும் பழையதே, சேர்மானம்தான் போயிற்று. திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து, மூர்த்தியின் கலையைக் கும்பத்துக்கும் அத்திப் பலகைக்கும் மாற்றி வைத்துவிடுகிறார்கள். பழுது பார்க்கும் காலத்தில் 'அது' எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான ஏற்பாடு வேறெந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது.

தேருக்கும் இந்தக் கதை உண்டு. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்துபோனது. புதிதாகச் செய்து 1930இல் மறுபடி ஓடவிட்டார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் கொடுத்தது. தேருக்கு டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும். அந்த வித்தியாசத்தை முட்டுக்கட்டையும் சக்கரத்துக்கு அடியில் போடும் இரும்புத் தகடும் வடம் பிடிப்பவர்களின் தோளும் சமாளிக்கின்றன. இதே வேலையை இயந்திரத்திடம் விட, பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கோர் நீராவி வண்டிக்கு டிஃபரன்ஷியல் காப்புரிமை பெற்றது 1827இல். மரமும் அச்சும் சக்கரமும் மாறிய ஆழித்தேரை வேறு தேர் என்று திருவாரூரில் யாரும் சொல்லிக் கேட்க முடியாது. அதே வீதி, அதே தியாகராசர், அதே இழுப்பு.

பற்களில் இன்னொரு விந்தை. 4.7, 4.1, 4.11 என்று ஏன் இப்படிச் சில்லறை எண்கள்? முழுசாக 4 என்று வைத்தால் என்ன? 40க்கு 10 என்று வெட்டினால் பினியனின் ஒரு பல் ஆயுள் முழுவதும் கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்றில் குறை இருந்தால் அந்தக் குறை அதே நான்கில் மறுபடி மறுபடி ஏறும். 47க்கு 10 என்று வைத்தால் பொது வகுத்தி இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள ஒவ்வொரு பல்லையும் சந்தித்த பிறகே முதலில் சந்தித்ததற்குத் திரும்பும். 470 சந்திப்புகள், கிரவுன் பத்துச் சுற்று. தேய்மானம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படும். வினையைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தப் பத்துச் சுற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உரசவிட்டு, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். வேறு ஜோடியின் பினியன், பல் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், கொஞ்ச நாளில் ஊளையிடும்.

பட்டறையில் புதுத் தலை ஏறும் முன் கடைசிச் சோதனை. கிரவுனின் சில பற்களில் மஞ்சள் மையைத் தூரிகையால் தடவி, பினியனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுவார்கள். மை அழிந்த இடம் பல்லின் நடுவே நீள்வட்டமாக விழுந்தால் சரி. நுனியிலோ அடியிலோ ஒதுங்கினால் ஷிம் தகடு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும். பற்களுக்கு இடையே விடும் இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் கீழே. ஒட்டிக்கொண்டால் சூடேறும், விலகினால் இடிக்கும்.

"அண்ணே, பழச என்ன பண்றது? இரும்புக்குப் போட்டுடவா?"

மெக்கானிக் பதில் சொல்லாமல் கழற்றிய தலையைத் துடைத்து, கிரீஸ் பூசி, பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றுகிறார். கம்பியால் இறுக்கிக் கட்டி, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டு, காகிதத்தின் மேல் சாக்பீஸால் 10/47 என்று எழுதுகிறார். கீழே வண்டி எண்.